சாத்திய சேலையும் அணிந்த தொப்பியும்: விளையாட்டு நினைவுப் பொருள் ஏலங்களின் வரலாறு

விளையாட்டு வீரர்கள் பயன்படுத்திய மட்டை, பந்து, சட்டை, தொப்பி, பதக்கம், கையெழுத்திட்ட அட்டை முதலியவற்றைச் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கும் ஏலம் விளையாட்டு நினைவுப் பொருள் ஏலம் எனப்படுகிறது. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தைச் சுற்றி இது பெருவணிகமாக வளர்ந்தது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கிரிக்கெட்டைச் சுற்றி நிலைபெற்றது. இந்தியாவில் கடந்த இருபது ஆண்டுகளில்தான் இது கவனம் பெற்றிருக்கிறது. ஆனால் இந்தியாவோடு தொடர்புடைய பொருள்கள் அதற்கு முன்பே வெளிநாட்டு ஏலக்கூடங்களை நோக்கிப் பயணப்படத் தொடங்கிவிட்டன.

இந்த ஏலத்தின் அடிப்படை தமிழருக்குப் புதியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர், ஆரணி வட்டாரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. ஒரே தறியில், ஒரே பாவில் நெய்த இரண்டு பட்டுச் சேலைகளில் ஒன்று கடைக்குப் போகிறது. மற்றொன்று நேர்த்திக்கடனாக அம்மனுக்குச் சாத்தப்படுகிறது. சாத்திய சேலைகளைக் கோவில் நிர்வாகம் பிறகு ஏலம் விடுவது தமிழகமெங்கும் உள்ள வழக்கம். இழையிலும் சரிகையிலும் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. என்றாலும் கோவிலில் சேலையை ஏலம் எடுப்பவர் பட்டை மட்டும் வாங்குவதில்லை, அது யார் மேல் இருந்தது என்பதையும் சேர்த்து வாங்குகிறார். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் உள்ள ஒட்டனந்தல் முருகன் கோவிலில் பங்குனி உத்திரத்தின்போது வேலில் செருகிய எலுமிச்சம்பழங்கள் ஏலம் விடப்படுகின்றன. 2024-இல் அப்படி ஒன்பது பழங்கள் 2.36 லட்சம் ரூபாய்க்குப் போயின. சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழம்தான். வேலில் இருந்ததால் அந்த விலை. வீரர் அணிந்த சட்டைக்கு அமெரிக்கச் சேகரிப்பாளர் கோடிக்கணக்கில் கொடுப்பதும் ஏறத்தாழ இதே காரணத்தால்தான்.

ஒரு வேறுபாடு உண்டு. கோவிலில் அந்தப் பழம் வேலில் இருந்ததை ஊரே பார்த்திருக்கிறது. ஏலக்கூடத்தில் வைக்கப்படும் பழைய தொப்பியை உரியவர் அணிந்திருந்ததை அங்கிருக்கும் யாரும் பார்த்ததில்லை. விளையாட்டு நினைவுப் பொருள் ஏலத்தின் வரலாறு பெரும்பாலும் இந்த இடைவெளியை நிரப்ப நடந்த முயற்சிகளின் வரலாறே. அதைப் பயன்படுத்தி நடந்த மோசடிகளுக்கும் அதில் பங்குண்டு.

ஏலமும் விலையும்

ஏலம் என்ற சொல் போர்ச்சுக்கீசிய மொழி வழியாகத் தமிழுக்கு வந்தது என்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி குறிக்கிறது. சமையலறை ஏலக்காய்க்கும் அதற்கும் உறவில்லை. தமிழ்நாட்டில் இரண்டு முறைகள் பரவலாகத் தெரிந்தவை. ஒன்று, ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று கூவி விலையை ஏற்றிக்கொண்டே போகும் வெளிப்படை ஏலம். மற்றொன்று, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் நெல்லுக்கும் மணிலாவுக்கும் நடப்பது போன்ற மறைமுக ஏலம். இதில் வியாபாரிகள் தத்தம் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். அடுத்தவர் என்ன எழுதினார் என்பது சீட்டைப் பிரிக்கும்வரை தெரியாது.

நெல்லுக்கு மறைமுக ஏலம் பொருந்துகிறது. ஒரு மூட்டையில் எத்தனை கிலோ அரிசி தேறும் என்று வியாபாரிக்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைத் தாண்டி அவர் எழுத மாட்டார். பழைய கிரிக்கெட் தொப்பிக்கு அப்படிப்பட்ட கணக்கு எதுவும் கிடையாது. எனவே நினைவுப் பொருள்கள் பெரும்பாலும் வெளிப்படையாகவே ஏலம் விடப்படுகின்றன. ஒருவர் கேட்பதைப் பார்த்து மற்றவர் துணிவு பெறுகிறார். இணையவழி ஏலங்களில், முடிவு நேரம் வந்த பிறகும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் யாராவது விலை கேட்டால் நேரம் நீளும்படி பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. கடைசி நொடியில் புகுந்து குறைந்த விலைக்குத் தட்டிச் செல்வதைத் தடுக்கும் ஏற்பாடு இது.

வெளிப்படை ஏலத்தில் இறுதி விலையை முடிவு செய்பவர் உண்மையில் இரண்டாவதாக வந்தவர். வென்றவர் எவ்வளவு வரை போகத் தயாராக இருந்தார் என்பது வெளியே தெரிவதில்லை; இரண்டாமவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதே விலையாகப் பதிவாகிறது. ஒரு பொருளின் மேல் தீராத ஆசை கொண்டவர் உலகில் ஒருவர் மட்டும் இருந்தால் அது மலிவாகப் போகும். இருவர் இருந்தால் செய்தித்தாளில் வரும். அந்த இருவரில் ஒருவர் போலியாக நிறுத்தப்பட்ட ஆளாக இருக்கக்கூடும் என்பதுதான் இத்தொழிலின் பழைய நோய். தமிழ்நாட்டுப் பொது ஏலங்களில் அடிக்கடி கேள்விப்படும் புகார் இதற்கு நேர்மாறானது. அங்கே ‘சிண்டிகேட்’ அமைத்து விலையை ஏறவிடாமல் செய்வார்கள்.

ஏலத்தில் கேட்ட தொகையோடு செலவு முடிவதுமில்லை. வாங்குபவரிடமிருந்து ஏல நிறுவனம் தனிக் கட்டணம் வாங்கும். ஒரே பொருளுக்கு நாளிதழ்களில் இரண்டு வெவ்வேறு விலைகள் வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பேஸ்பால்: சிகரெட் பெட்டியிலிருந்து ஏலக்கூடம் வரை

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் தன் சிகரெட் பெட்டிகளில் பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளை வைத்து விற்றது. சேகரிப்பாளர்கள் இந்த வரிசையை டி206 என்று அழைக்கிறார்கள். பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் தம் படத்தைப் பயன்படுத்த மறுத்தார். சிறுவர்கள் அட்டைக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது. தமக்குப் பணம் தரவில்லை என்பதால் மறுத்தார் என்று சொல்வோரும் உண்டு. எப்படியோ அவருடைய அட்டை மிகக் குறைவாகவே வெளியே வந்தது. இலவசமாகக் கொடுத்த ஒரு துண்டு அட்டை பின்னாளில் பேஸ்பால் சேகரிப்பின் மணிமுடி ஆனது இப்படித்தான்.

அந்த அட்டைகளில் மிக நல்ல நிலையில் இருந்த ஒன்றை 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி, புரூஸ் மெக்நால் என்பவரோடு கூட்டாக 4,51,000 டாலருக்கு ஏலம் எடுத்தார். பிறகு பல கை மாறி 2007-இல் 28 லட்சம் டாலரை எட்டியது. அதன் ஓரங்கள் அளவுக்கு மீறிக் கூர்மையாக இருக்கின்றன என்று சிலர் தொடக்கம் முதலே சந்தேகப்பட்டனர். 1980-களில் அந்த அட்டையை வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ பின்னர் பெரிய ஏல நிறுவனம் ஒன்றை நடத்தியவர். தம் நிறுவனத்தில் போலிக் கேள்விகள் மூலம் விலையை ஏற்றிய குற்றத்தை 2013-இல் அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த அட்டையின் ஓரத்தை வெட்டிச் சீராக்கியவர் தாமே என்பதும் அப்போது வெளிவந்தது. 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உலகின் மிகப் புகழ்பெற்ற அட்டை, அதன் புகழுக்குக் காரணமான அழகிலேயே திருத்தப்பட்டது என்று தெரிந்த பிறகும், அதன் பெயர் மங்கிவிடவில்லை. மோசடியே அதன் கதையில் ஒரு பகுதியாகிவிட்டது.

கையெழுத்துச் சந்தை இதைவிட மோசமாக இருந்தது. 1990-களின் இறுதியில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் விசாரணை நடத்தி, வீரர்களின் கையெழுத்தைப் போலியாக இட்டு நாடு முழுவதும் விற்ற ஒரு கும்பலைப் பிடித்தது. பிடிபட்டவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால்களும் இருந்தன. கொல்கத்தாவில் தொழுநோயாளிகளுக்கு இடையே வாழ்ந்தவர் எதற்காகப் பேஸ்பாலில் கையெழுத்து இடப்போகிறார் என்று வாங்குபவர் கேட்காத அளவுக்கு அந்தச் சந்தை சூடாக இருந்திருக்கிறது.

இதன் விளைவாக 2001 முதல் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு தானே சான்றளிக்கத் தொடங்கியது. ஆட்டத்தின்போதே சான்றாளர் ஒருவர் மைதானத்தில் இருப்பார். பந்தோ மட்டையோ சட்டையோ ஆட்டத்திலிருந்து வெளியே வரும்போது அவர் கண்முன்னே எண்ணிட்ட ஹோலோகிராம் வில்லை ஒட்டப்படும். ஆரணிச் சேலையைத் தூய பட்டு என்று நிறுவ ஒட்டப்படும் சில்க் மார்க் சீட்டுக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே. ஆனால் பட்டைப் பொறுத்தவரை சந்தேகம் வந்தால் ஓர் இழையை எரித்துப் பார்க்கலாம். பந்தை யார் அடித்தார் என்பதை எரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சான்று சரியாக இருந்தாலும் விலை நிலைக்கும் என்பதில்லை. 1998-இல் மார்க் மெக்வயர் ஒரே பருவத்தில் 70 ஹோம் ரன்கள் அடித்துச் சாதனை படைத்தார். அந்த 70-ஆவது பந்தைச் சித்திரக்கதைப் படைப்பாளர் டாட் மெக்ஃபார்லேன் 1999-இல் ஏறத்தாழ 30 லட்சம் டாலருக்கு வாங்கினார். மூன்றே ஆண்டுகளில், 2001-இல், பாரி பாண்ட்ஸ் 73 அடித்து அதை முறியடித்தார். அந்த 73-ஆவது பந்து கூட்டத்தில் விழுந்தபோது முதலில் தொட்டவர் ஒருவர், நெரிசலில் அது நழுவியதும் எடுத்தவர் வேறொருவர். இருவரும் வழக்காடினர். பந்தை விற்றுப் பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளும்படி 2002-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். 2003-இல் அது 4,50,000 டாலருக்குத்தான் போனது. அதையும் எடுத்தவர் அதே மெக்ஃபார்லேன். பிற்பாடு இரு ஆட்டக்காரர்களையும் ஊக்கமருந்து விவகாரம் சூழ்ந்துகொண்டது. 2010-இல் மெக்வயர் தாம் அதைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்.

இன்றைய உச்ச விலைகள் பழைய பெயர்களுக்கே கிடைக்கின்றன. மிக்கி மேன்டிலின் 1952-ஆம் ஆண்டு அட்டை ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்குப் போனது. 1932 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் பேப் ரூத் அணிந்த சட்டை 2024 ஆகஸ்டில் 2.4 கோடி டாலரைத் தாண்டியது. அந்தச் சட்டையில் எழுத்துகள் தைக்கப்பட்டுள்ள இடத்தை அன்று எடுத்த புகைப்படங்களோடு ஒப்பிட்டே அது இன்ன ஆட்டத்தில் அணிந்தது என்று நிறுவினர். 2024 அக்டோபரில் ஷோஹேய் ஒதானியின் 50-ஆவது ஹோம் ரன் பந்து ஏறத்தாழ 44 லட்சம் டாலருக்கு விற்றது. இது மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவருடைய பொருள்.

கிரிக்கெட்: ஒரு பந்தும் ஒரு தொப்பியும்

கிரிக்கெட் பொருள்களின் சந்தைக்கு 1987 ஒரு திருப்புமுனை. லண்டன் லார்ட்ஸ் மைதானத்துக்குரிய மேரிலிபோன் கிரிக்கெட் கிளப் தன் இருநூறாம் ஆண்டை ஒட்டி, மிகுதியாக இருந்த பொருள்களைக் கிறிஸ்டீஸ் நிறுவனம் மூலம் ஏலம் விட்டது. இந்தச் சந்தையில் இந்தியர் ஒருவர் பட்ட அனுபவம் குறிப்பிடத்தக்கது.

1968 ஆகஸ்ட் 31 அன்று சுவான்சீ நகரில் கேரி சோபர்ஸ், மால்கம் நாஷ் வீசிய ஓர் ஓவரின் ஆறு பந்துகளையும் சிக்சர் அடித்தார். முதல்தரக் கிரிக்கெட்டில் அதற்கு முன் அது நடந்ததில்லை. அந்தப் பந்து என்று ஒன்று 2006-இல் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. சோபர்ஸின் கையெழுத்திட்ட சான்றும் கூட இருந்தது. 26,400 பவுண்டுக்கு அது இந்தியாவைச் சேர்ந்த வாங்குநர் கைக்குப் போனது. பிறகுதான் சிக்கல் தொடங்கியது. ஏலத்தில் விற்றது டியூக் நிறுவனப் பந்து. தாம் அன்று வீசியது ஸ்டூவர்ட் சரிட்ஜ் நிறுவனப் பந்து என்று நாஷ் உறுதியாகச் சொன்னார். பத்திரிகையாளர் கிரஹாம் லாய்ட் இதைத் துருவி ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். அந்த ஓவரின் படப்பதிவு இருக்கிறது. அதில் ஆறு பந்துகளுக்கும் ஒரே பந்துதான் பயன்படுத்தப்பட்டது. 2012-இல் பொருள் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது எதிர்ப்பு எழவே, விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அடித்தவரின் கையெழுத்து ஒருபுறம், வீசியவரின் நினைவு மறுபுறம். மட்டையாளர் பந்தைத் தொடுவதே இல்லை, பந்துவீச்சாளர்தான் தையலைத் தடவிப் பார்த்து வீசுகிறார் என்பதை எண்ணினால், நாஷின் சொல்லுக்கே எடை கூடுதல்.

பிராட்மனின் தொப்பிக்கு இப்படிப்பட்ட சர்ச்சை இல்லை. அதன் கதை இந்தியாவிலிருந்து தொடங்குகிறது. விடுதலை பெற்ற சில மாதங்களில், 1947-48-இல், லாலா அமர்நாத் தலைமையில் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றது. ஐந்து டெஸ்டுகளில் பிராட்மன் ஆறு முறை ஆடி 715 ரன்கள் குவித்தார், சராசரி 178.75. சென்னை வேகப்பந்து வீச்சாளர் சி.ஆர். ரங்காச்சாரி அந்தப் பயணத்தில்தான், அடிலெய்டில், தம் முதல் டெஸ்டை ஆடி 4 விக்கெட்டுகள் எடுத்தார். அக்காலத்தில் ஆஸ்திரேலிய வீரர்களுக்குத் தொடருக்கு ஒரு பச்சைத் தொப்பி வழங்கப்பட்டது. அந்தத் தொடரில் அணிந்த தொப்பியைப் பிராட்மன், இந்திய அணியின் மேலாளர் பங்கஜ் குப்தாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். குப்தா அதை, அதே பயணத்தில் இந்திய விக்கெட் காப்பாளராக இருந்த பி. சென்னின் உறவினர் ஒருவருக்குத் தந்தார். பின்னர் அது சேகரிப்பாளரிடம் போய், சில காலம் ஆஸ்திரேலியாவின் பௌரல் நகரில் உள்ள பிராட்மன் அருங்காட்சியகத்தில் இரவலாக இருந்தது.

2024 டிசம்பர் 3 அன்று சிட்னியில் போன்ஹாம்ஸ் நிறுவனம் அதை ஏலம் விட்டது. வெயிலில் நிறம் மங்கி, பூச்சி அரித்து, முன்விளிம்பு கிழிந்த தொப்பி. சுமார் பத்து நிமிடத்தில் 3,90,000 ஆஸ்திரேலிய டாலருக்கு முடிந்தது. கட்டணம் சேர்த்து 4,79,700. அதாவது ஏல நிறுவனத்தின் பங்கு மட்டும் 23 விழுக்காடு. இதைவிடப் பெரிய தொகை 2020 ஜனவரியில் ஷேன் வார்னின் தொப்பிக்குக் கிடைத்தது. ஆஸ்திரேலியக் காட்டுத்தீ நிவாரணத்துக்காக நடந்த அந்த ஏலத்தில் காமன்வெல்த் வங்கி 10,07,500 டாலர் கொடுத்தது. நிவாரணத்துக்கு நன்கொடை எவ்வளவு, தொப்பிக்கு விலை எவ்வளவு என்று அந்தத் தொகையைப் பிரிக்க வழியில்லை. பிராட்மன் தொப்பிக்குக் கிடைத்தது முழுக்கத் தொப்பிக்கான விலை.

இந்தியாவில்: நன்கொடையும் நினைவும்

இந்தியாவில் நடந்த பெரும்பாலான ஏலங்கள் வார்ன் தொப்பியின் வகையைச் சேர்ந்தவை. 2011 ஏப்ரல் 2 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் குலசேகராவின் பந்தைச் சிக்சருக்கு அனுப்பி மகேந்திர சிங் தோனி உலகக் கோப்பையை வென்று தந்த மட்டை, அந்த ஜூலையில் லண்டனில் நடந்த அறக்கொடை விருந்தில் 1,00,000 பவுண்டுக்குப் போனது. மும்பையைச் சேர்ந்த பங்குச் சந்தை நிறுவனம் ஒன்று வாங்கியது. கே.எல். ராகுல் தம்பதியினர் 2024 ஆகஸ்டில் சிறப்புக் குழந்தைகளுக்காக நடத்திய ஏலத்தில் 1.93 கோடி ரூபாய் திரண்டது. விராட் கோலியின் சட்டை 40 லட்சம், ரோகித் சர்மாவின் மட்டை 24 லட்சம், தோனியின் மட்டை 13 லட்சம். தமிழ்நாட்டு ரசிகர் ஒருவர் இந்த வரிசையை ஏற்க மாட்டார். ஆனால் எந்த ஆட்டத்தில் ஆடிய மட்டை என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. உலகக் கோப்பை மட்டையும் மற்றொரு மட்டையும் ஒருவருடையவையாகவே இருந்தாலும் ஒன்றல்ல.

கொரோனா முடக்கத்தின்போது 2020 மேயில் பாகிஸ்தான் வீரர் அசார் அலி, தாம் 2016-இல் துபாயில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 302 ரன்கள் எடுத்த மட்டையை நிவாரண நிதிக்காக ஏலம் விட்டார். அதைப் பத்து லட்சம் பாகிஸ்தான் ரூபாய்க்கு எடுத்தது புனேயில் உள்ள ‘பிளேட்ஸ் ஆஃப் குளோரி’ என்ற தனியார் கிரிக்கெட் அருங்காட்சியகம். இரு நாட்டு அணிகளும் பரஸ்பரத் தொடர் ஆடாத காலத்தில் நடந்த கைமாற்றம் இது.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான நிகழ்வு 2021-இல் நடந்தது. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி, ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர். டோக்கியோவில் முதல் சுற்றில் துனிசிய வீராங்கனையை 15-3 என்று வென்று, அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் தோற்றார். நாடு திரும்பியதும் தம் வாளைப் பிரதமருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். பிரதமர் பெற்ற பரிசுகளை மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் இணையவழியே ஏலம் விட்டு, தொகையைக் கங்கைத் தூய்மைத் திட்டத்துக்குக் கொடுத்தது. அதில் பவானி தேவியின் வாள் 1.25 கோடி ரூபாய்க்குப் போனது. பதக்கம் பெறாத ஒருவரின் கருவி, தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவின் ஈட்டிக்கு அடுத்த இடத்தில் நின்றது. ‘முதல்’ என்ற சொல்லுக்கு ஏலக்கூடத்தில் உள்ள மதிப்பு அது.

நீரஜின் ஈட்டி 1.5 கோடிக்குப் போனது. எடுத்தது இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம். 2022 ஆகஸ்டில் நீரஜ் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள ஒலிம்பிக் அருங்காட்சியகத்துக்கும் ஓர் ஈட்டியை வழங்கினார். டோக்கியோவில் தங்கம் வென்ற ஈட்டி என்று அது அறிவிக்கப்பட்டது. இதில் முரண் இருக்கவேண்டும் என்பதில்லை. ஈட்டி வீரர்கள் போட்டிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஈட்டிகளைக் கொண்டு செல்வார்கள். ஆனால் போட்டிக்கு எடுத்துச் சென்ற ஈட்டி, போட்டியில் வீசிய ஈட்டி, வென்ற வீச்சுக்குரிய ஈட்டி என்பவை மூன்று தனித்தனிப் பொருள்கள். பேஸ்பால் சந்தையில் இம்மூன்றுக்கும் மூன்று விலைகள் இருக்கும். இங்கே ‘டோக்கியோ ஈட்டி’ என்ற ஒற்றைச் சொல்லே போதுமானதாக இருந்தது. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து இவற்றில் ஒன்று மறுபடியும் ஏலத்துக்கு வந்தால் அந்தச் சொல் போதாது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்து ஒரே நாளில் முடிந்தது. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன்; ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அந்தப் பந்து ஏதோ ஒரு வீட்டுப் பரணில் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அது வெறும் தோல் உருண்டையாக இல்லாமல் இந்தியக் கிரிக்கெட்டின் முதல் உள்நாட்டுக் கோப்பைப் பந்தாக வேண்டுமென்றால், அன்று யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எந்தக் கடிதத்தில் அது குறிக்கப்பட்டிருக்கிறது என்ற தொடர்ச்சி தேவை. பிராட்மனின் தொப்பிக்கு அந்தத் தொடர்ச்சி கைக்குக் கை தெரிந்திருந்தது. பரணிலிருந்து பொருள் கிடைப்பது அரிதல்ல, கடிதம் கிடைப்பதுதான் அரிது.

சட்டமும் இதில் அதிகம் உதவுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் நூறு ஆண்டு கடந்த பொருள்களையே பொதுவாகத் தொல்பொருளாகக் கருதி, தனியார் அவற்றை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் எல்லை 75 ஆண்டு. இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கியதே 1932-இல். ஒலிம்பிக் ஹாக்கியில் முதல் தங்கம் 1928-இல். எனவே இந்திய விளையாட்டின் முக்கியமான பொருள்கள் பெரும்பாலும் இன்னும் அந்த எல்லைக்குள் வரவில்லை.

பதக்கங்கள் ஏலத்துக்கு வரும் காரணம் எப்போதும் ஆசையாக இருப்பதில்லை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தை 1952-இல் ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வென்றவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த கே.டி. ஜாதவ். அவர் பெயரில் அமைப்பதாக உறுதியளிக்கப்பட்ட மல்யுத்தப் பயிற்சிக் கூடம் எழவில்லை என்பதால், அதற்குப் பணம் திரட்ட அந்த வெண்கலப் பதக்கத்தை ஏலம் விடப்போவதாக 2017-இல் அவர் குடும்பத்தினர் அறிவித்தனர். விலைக்காகச் சொன்னதல்ல, பதக்கத்தை விற்க நேர்கிறது என்ற செய்தியே அவர்கள் அரசுக்குச் சொல்ல விரும்பியது.

விற்காமல் ஒப்படைத்தவர்களின் நிலையும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1948, 1952, 1956 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் ஹாக்கித் தங்கம் வென்றவர் பல்பீர் சிங். 1952 இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக இந்தியா அடித்த 6 கோல்களில் 5 அவருடையவை. அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. 1985-இல் தேசிய விளையாட்டு அருங்காட்சியகம் அமையவிருக்கிறது என்று நம்பி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தலைவராக அணிந்த கோட்டு, 36 பதக்கங்கள், ஏராளமான புகைப்படங்கள் ஆகியவற்றை இந்திய விளையாட்டு ஆணையத்திடம் அவர் கொடுத்தார். விலை எதுவும் கேட்கவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி, நவீன ஒலிம்பிக் வரலாற்றின் முன்மாதிரி வீரர்கள் 16 பேரில் ஒருவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, கண்காட்சிக்காக அந்தப் பொருள்கள் தேடப்பட்டன. அவை கிடைக்கவில்லை. குடும்பத்தினர் தொடர்ந்து எழுதிக்கேட்டும் பயனில்லை. 2020 மே 25 அன்று பல்பீர் சிங் 96 வயதில் காலமானபோதும் அந்தக் கோட்டு அவருக்குத் திரும்பி வந்திருக்கவில்லை.